ஒரே மோதல், இரண்டு தீர்ப்புகள்: கல்லூரிக் கூடைப்பந்தில் விசில் ஏன் சீராக ஒலிப்பதில்லை?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் எவரும் நான்கைந்து ஆட்டங்களுக்குள் ஒன்றைக் கவனித்துவிடுவார். முதல் பாதியில் தடுப்பாட்டக்காரர் ஒருவர் எதிராளியின் இடுப்பில் கை வைத்துத் தள்ளுகிறார், விசில் ஒலிப்பதில்லை. இரண்டாம் பாதியில் அதைவிட லேசான தொடுதலுக்கு ஃபவுல் என்று நடுவரின் கை உயர்கிறது. அரங்கம் எழுந்து நின்று கத்துகிறது. நீண்ட நாள் ரசிகர்களின் மனக்குறை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. நடுவரும் மனிதர்தான், கண்ணுக்குத் தப்புவது தப்பத்தான் செய்யும் என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று தோன்றும்படி ஒரே செயலுக்கு இரண்டு விதமான தீர்ப்பு வரும்போது, தாங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த ஆட்டம் நேர்மையாக முடிந்ததா என்ற சந்தேகம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்தை வீண் புலம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் எண்ணம். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை விசில் ஊதுகிற தனிமனிதரைத் தாண்டிய காரணங்கள்.

ஒரு ஃபவுலின் விலை என்ன என்பது தெரிந்தால்தான் இந்தக் கோபம் புரியும். ஆண்கள் கல்லூரி ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக நடைபெறுகிறது. ஒரு வீரர் ஐந்து ஃபவுல் செய்தால் ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். 48 நிமிடங்கள் ஆடும் தொழில்முறை லீகான என்பிஏவில் இந்த வரம்பு ஆறு. முதல் பாதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிவிட்ட முக்கிய வீரரைப் பெரும்பாலான பயிற்சியாளர்கள் இடைவேளை வரை பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். ஆகவே ஐந்தாவது நிமிடத்தில் வரும் ஐயத்துக்குரிய ஒரு தீர்ப்பு, அணியின் சிறந்த வீரரைப் பதினைந்து நிமிடம் ஆட்டத்திலிருந்து அகற்றிவிடக்கூடும். இதற்கு மேல் அணியின் கணக்கு வேறு இருக்கிறது. ஒரு பாதியில் ஓர் அணி ஏழாவது ஃபவுல் செய்ததும் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் மறிக்காமல் கூடைக்கு வீசும் வாய்ப்பு திறக்கிறது: முதல் வீச்சு உள்ளே போனால்தான் இரண்டாவது வீச்சு உண்டு. பத்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு வீச்சுகளும் உறுதி. பெண்கள் ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடக்கிறது; அதில் ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாவது ஃபவுலிலிருந்து இரண்டு வீச்சுகள் கிடைக்கும், அடுத்த பகுதியில் கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். எந்த முறையானாலும், தொடக்கத்தில் அற்பமாகத் தெரிந்த ஒரு விசில் கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளிகளாக வந்து நிற்கும்.

சீரான தீர்ப்பு வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். எதனோடு ஒப்பிட்டுச் சீரானது என்று கேட்டால் மூன்று வேறு வேறு விடைகள் வருகின்றன. விதிப்புத்தகம் சொல்வதை அப்படியே ஊதுவது ஒரு வகை. அந்த ஆட்டத்தில் அதுவரை எதை அனுமதித்தார்களோ அதையே கடைசிவரை, இரு அணிகளுக்கும், மைதானத்தின் இரு முனைகளிலும் அனுமதிப்பது இரண்டாவது வகை. செவ்வாய்க்கிழமை ஓர் ஊரில் ஃபவுலாக இருந்தது சனிக்கிழமை இன்னோர் ஊரில், வேறு மூன்று நடுவர்களிடமும் ஃபவுலாகவே இருப்பது மூன்றாவது வகை. சிக்கல் என்னவென்றால் இந்த மூன்றும் அடிக்கடி ஒன்றோடொன்று மோதுகின்றன. முப்பத்தெட்டு நிமிடம் கைகலப்பை விட்டுக்கொடுத்த நடுவர் கடைசி இரண்டு நிமிடத்தில் புத்தகப்படி ஊதினால், முதல் வகையில் அவர் சரி, இரண்டாம் வகையில் தவறு. இரு தரப்பு ரசிகர்களும் சீரான தீர்ப்பு என்ற ஒரே சொல்லைக் கொண்டு எதிரெதிரான இரண்டு விஷயங்களைக் கேட்பது இதனால்தான்.

இந்த மோதல் எவ்வளவு நுட்பமானது என்பதைப் பார்க்க, ஆட்டத்திலேயே மிகக் கடினமான தீர்ப்பு எனப் பலரும் ஒப்புக்கொள்ளும் பிளாக், சார்ஜ் விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். பந்தோடு கூடையை நோக்கிப் பாய்கிறவரும் அவரை மறிக்க நிற்பவரும் மோதி விழுகிறார்கள். மறித்தவர் உரிய நேரத்தில் உரிய இடத்தைப் பிடித்திருந்தால் பாய்ந்தவர் மேல் தவறு, அது சார்ஜ். மறித்தவர் தாமதமாக நுழைந்திருந்தால் அவர் மேல் தவறு, அது பிளாக். முதல் தீர்ப்பில் பந்து கைமாறும், பந்து கூடைக்குள் விழுந்திருந்தாலும் கணக்கில் வராது. இரண்டாவதில் கூடையும் எண்ணப்பட்டு, கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கலாம். நொடியில் கால்பங்கு நேரத்தில் நடப்பதைப் பார்த்து எடுக்கும் ஒரே முடிவில் மூன்று புள்ளிகள் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்கின்றன.

மறிப்பவர் அசையாமல் சிலைபோல் நிற்க வேண்டும் என்று அரங்கில் பாதிப் பேர் நம்புகிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. முதலில் இரண்டு கால்களும் தரையில் பட, எதிராளியை நேருக்கு நேர் பார்த்து நின்று இடத்தைப் பிடிக்க வேண்டும்; அதன்பின் அந்த இடத்தைக் காத்துக்கொள்ளப் பக்கவாட்டிலோ பின்னாலோ நகரலாம். நகர்ந்துகொண்டிருந்தவர் மேல் மோதினாலும் சார்ஜ் ஆகலாம். இந்த நுணுக்கம் தெரியாததாலேயே சரியான தீர்ப்புக்கும் கூச்சல் எழுவதைப் பலமுறை பார்க்கலாம். ஆனால் ரசிகரை மட்டும் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் விதியே நிலையாக இருந்ததில்லை. வெகுகாலம் வரை, பாய்கிறவரின் கால் தரையை விட்டு எழுவதற்குள் மறிப்பவர் இடத்தில் இருந்தால் போதும் என்றிருந்தது. 2013-14 பருவத்தில், பாய்கிறவர் பந்தை மேலே தூக்கத் தொடங்கும் முன்பே இடத்தில் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். பிறகு பழைய அளவுகோலுக்கே திரும்பினார்கள். 2023-24இல், எழும்புவதற்காக அவர் காலை ஊன்றும் கணத்திலேயே இடத்தில் இருக்க வேண்டும் என்று மறுபடியும் மாற்றினார்கள். இதற்கிடையே கூடைக்குக் கீழே தரையில் ஒரு வளைவு வந்தது. உதவிக்கு ஓடி வரும் இரண்டாவது தடுப்பாட்டக்காரர் அதற்குள் நின்றுகொண்டு சார்ஜ் வாங்க முடியாது. 2011-12இல் மூன்று அடியாக இருந்த அந்த வளைவு 2015-16இல் நான்கு அடியானது.

இப்போது நடுவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர் பாய்கிறவரின் ஊன்றிய காலைப் பார்க்க வேண்டும். அதே கணத்தில் மறிப்பவரின் மார்பு எங்கே இருக்கிறது, கால்கள் வளைவுக்கு வெளியே இருக்கின்றனவா, மோதல் மார்பின் நடுவில் விழுந்ததா தோளில் விழுந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ கேட்கும்போது அம்பயர் ஓரிடத்தில் நிற்கிறார், பந்து எந்தத் திசையிலிருந்து வரும் என்பதும் அவருக்கு முன்பே தெரியும். இங்கே பத்துப் பேரும் ஓடுகிறார்கள், நடுவரும் ஓடுகிறார். ஒரே மோதலை இரண்டு நல்ல நடுவர்கள் இரண்டு விதமாகப் பார்ப்பது இதில் வியப்பே இல்லை.

மற்ற தொடுதல்களில் விதி இன்னும் அதிகமாக நடுவரின் மதிப்பீட்டையே நம்பியிருக்கிறது. கூடைப்பந்தில் எல்லாத் தொடுதலும் ஃபவுல் அல்ல. தொடுதலால் ஒருவருக்கு நியாயமற்ற ஆதாயமோ இழப்போ ஏற்பட்டதா என்பதே கேள்வி. பந்தோடு ஓடுகிறவரின் தாளம், வேகம், சமநிலை, துடிப்பு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று குலைந்ததா என்று பார்க்கும்படி நடுவர் பயிற்சிகளில் சொல்லித் தருகிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு கிலோ எடையுள்ள வீரரின் சமநிலையைக் குலைக்காத ஒரு தள்ளல் எண்பது கிலோ வீரரைத் தரையில் கிடத்திவிடும். அப்போது ஒரே தள்ளலுக்கு இரண்டு தீர்ப்புகள் வரும், இரண்டும் விதிப்படி சரியாகவும் இருக்கும். பலசாலியான வீரர்களின் ரசிகர்கள் தங்கள் ஆளுக்கு விசிலே கிடைப்பதில்லை என்று குமுறுவதில் நியாயம் இருக்கிறது. அடியைத் தாங்கிக்கொண்டு நிற்பதற்காகவே அவர் தண்டிக்கப்படுகிறார்.

விதிக்கும் வழக்கத்துக்கும் இடையிலான இந்த இழுபறி சில நொடிகளுக்குள் முழுவதுமாக வெளிப்பட்ட ஆட்டம் ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் 6 அன்று மினியாபொலிஸில் நடந்த தேசிய அரையிறுதியில் வர்ஜீனியாவும் ஆபர்னும் மோதின. கடைசி நொடிகளில் ஆபர்ன் 62-60 என்று முன்னிலையில் இருந்தது. வர்ஜீனியாவின் டை ஜெரோம் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறியபோது பந்து அவர் காலில் பட்டு விலகியது. அதை இரு கைகளாலும் எடுத்தார். மீண்டும் தட்டத் தொடங்கினார். தட்டுவதை நிறுத்திப் பந்தைப் பிடித்தபின் மறுபடி தட்டுவது டபுள் டிரிபிள் என்ற விதிமீறல். பந்து ஆபர்னுக்குப் போயிருக்க வேண்டும், ஆட்டமும் அநேகமாக அதோடு முடிந்திருக்கும். விசில் ஒலிக்கவில்லை. அடுத்த சில நொடிகளில் பந்து மூலையில் நின்ற கைல் கை என்ற வர்ஜீனியா வீரரிடம் போனது. அவர் மூன்று புள்ளி வீச்சுக்கு எழும்பினார். மறிக்க வந்த ஆபர்னின் சமீர் டவ்டி பக்கவாட்டில் நகர்ந்து, எழும்பியவரின் இடுப்புப் பகுதியில் மோதினார். வீச்சு தவறியது, ஆபர்ன் வீரர்கள் வென்றுவிட்டதாகக் கொண்டாடத் தொடங்கினார்கள், ஆனால் விசில் ஒலித்திருந்தது. கடிகாரத்தில் 0.6 நொடி. கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். வர்ஜீனியா 63-62 என்று வென்றது, இரண்டு நாள் கழித்துப் பட்டத்தையும் கைப்பற்றியது.

டவ்டி மீதான ஃபவுல் விதிப்படி சரி. காற்றில் இருப்பவருக்குத் தரையிறங்க இடம் விட வேண்டும் என்பது பழைய, தெளிவான விதி. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் நடுவர் ஒருங்கிணைப்பாளரும் ஆட்டம் முடிந்தபின் விளக்க அறிக்கை தந்து அதை ஆதரித்தார். கடைசி நொடியில் இப்படிப்பட்ட ஒன்றை ஊத அசாத்தியத் துணிவு வேண்டும், அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் ஆபர்ன் ரசிகரின் இடத்தில் நின்று பார்த்தால் கேள்வி வேறு. ஃபவுலை நுண்ணிய கண்ணோடு பிடித்தவர்கள் டபுள் டிரிபிளைக் கோட்டைவிட்டார்கள். இரண்டையும் விட்டிருந்தால் ஆபர்ன் வென்றிருக்கும்; இரண்டையும் பிடித்திருந்தாலும் ஆபர்னுக்கே சாதகம். ஒன்றைப் பிடித்து ஒன்றை விட்ட ஒரே ஒரு வழியில்தான் அவர்கள் தோற்றார்கள். தனித்தனியே பார்த்தால் ஒரு சரியான தீர்ப்பும் ஒரு மனிதத் தவறும்தான். சேர்த்துப் பார்க்கும்போது அநியாயமாகத் தெரிகிறது. ரசிகர்கள் தீர்ப்புகளை எப்போதும் சேர்த்தே பார்க்கிறார்கள்; அப்படிப் பார்க்க அவர்களுக்கு உரிமையும் உண்டு.

இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த விவாதம் 2024 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் நடந்த பெண்கள் அரையிறுதியில் எழுந்தது. அயோவா 70-69 என்று ஒரு புள்ளி முன்னிலை, பந்து எதிரணியான யூகானிடம் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்). பெய்ஜ் பெக்கர்ஸ் வீச்சுக்கு விடுபடுவதற்காக ஆலியா எட்வர்ட்ஸ் ஸ்கிரீன் நின்றார், அதாவது அவரைத் துரத்தும் கேபி மார்ஷலின் வழியை மறித்து நின்றார். ஸ்கிரீன் நிற்பவர் மோதலின்போது நகரக் கூடாது. 3.9 நொடி இருக்கும்போது, எட்வர்ட்ஸ் நகர்ந்தார் என்று ஃபவுல் கொடுக்கப்பட்டது. அயோவா 71-69 என்று வென்றது. நகர்ந்தார் என்பதற்கு வீடியோவில் ஆதாரம் இருக்கிறது என்றது ஒரு தரப்பு. இதைப் போன்ற ஸ்கிரீன்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் விசில் இல்லாமல் கடந்து போகின்றன, இறுதிக்கட்டத்தில் மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு என்றது மறுதரப்பு. என் கருத்தில் கடைசி நிமிடத்துக்கென்று தனி விதி இருக்கக் கூடாது. 39ஆவது நிமிடத்தில் ஃபவுல் ஆவது மூன்றாவது நிமிடத்திலும் ஃபவுல் ஆக வேண்டும். ஆட்டத்தின் தொடக்கத்தில் இத்தகைய ஸ்கிரீனை இரண்டு முறை ஊதியிருந்தால் வீராங்கனைகள் தங்களைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். வீரர்கள் எந்த அளவுகோலுக்கும் பழகிக்கொள்வார்கள், அது என்ன என்று ஆரம்பத்திலேயே தெரிந்தால் போதும்.

அளவுகோல் ஆட்டத்தின் நடுவே நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஆண்கள் இறுதிப்போட்டியே சாட்சி. வட கரோலினாவும் கான்சாகாவும் ஆடிய அந்த ஆட்டத்தில் மொத்தம் 44 ஃபவுல்கள். அவற்றில் 27 இரண்டாம் பாதியில். ஓட்டமும் வேகமும் நிறைந்த இரண்டு நல்ல அணிகள் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு மாறி மாறி நடந்துகொண்டிருந்தன. அப்படி அடிக்கடி விசில் ஊதியும் முக்கியமான கட்டத்தில் ஒன்று தப்பியது. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது தரையில் பந்துக்காக நடந்த மல்லுக்கட்டில் வட கரோலினா வீரரின் கை எல்லைக்கோட்டுக்கு வெளியே ஊன்றியிருந்தது, யாரும் பார்க்கவில்லை, பந்து வட கரோலினாவுக்கே கிடைத்தது. 71-65 என்று அவர்கள் வென்றார்கள். நிறைய ஊதுவதால் மட்டும் துல்லியம் வந்துவிடாது என்பதை அன்று உலகமே பார்த்தது.

இத்தனை தடுமாற்றமும் எங்கிருந்து வருகிறது? முதல் காரணம் கண்கள் நிற்கும் இடம். 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் பதின்மூன்று விதிகளோடு இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, ஆட்களைப் பார்க்க ஒருவர், பந்தைப் பார்க்க ஒருவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். இன்று மூன்று நடுவர்கள். கூடைக்குப் பின்னால் கோட்டருகே நிற்பவர் லீட். பந்துக்குப் பின்னால் வெளியே நிற்பவர் டிரெயில். எதிர்ப்பக்கத்தில் ஃப்ரீ த்ரோ கோட்டின் நேராக நிற்பவர் சென்டர். ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. பந்து நகர நகர அவர்களும் இடம் மாறிக்கொள்கிறார்கள். ஒருவருடைய பகுதியில் நடப்பதை மற்றவர் ஊதுவது பொதுவாக நல்ல பழக்கம் அல்ல. ஆகவே கூடையின் இடப்பக்கத்தில் நடந்த தள்ளலைத் தீர்மானித்தவரும் வலப்பக்கத்தில் நடந்த அதே தள்ளலைத் தீர்மானித்தவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பார்கள். நமக்குத் திரையில் ஒரே அணி நடுவர்களாகத் தெரிந்தாலும், மூன்று பேரின் கண்டிப்பு ஒத்துப்போனால்தான் ஓர் ஆட்டத்துக்குள்ளேயே சீர்மை வரும்.

அந்த ஒத்துப்போதல் எளிதில் வாய்க்காததற்குக் கல்லூரி விளையாட்டின் அமைப்பே காரணம், நான் பெரிதும் வருந்துவதும் இதைப் பற்றித்தான். என்பிஏ நடுவர்கள் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள். கல்லூரி ஆட்டத்தின் முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட அணிகளும் முப்பதுக்கும் மேற்பட்ட கான்பரன்ஸ்களும், அதாவது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் குழுக்களும், இருக்கின்றன. நடுவர்கள் யாருடைய ஊழியரும் அல்லர். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் ஒப்பந்தக்காரர்கள். ஒவ்வொரு கான்பரன்ஸும், அல்லது சில கான்பரன்ஸ்கள் சேர்ந்தும், தங்கள் ஒருங்கிணைப்பாளர் வழியாக அவர்களை அமர்த்துகின்றன. பெயர்பெற்ற நடுவர் ஒருவர் ஒரே நேரத்தில் பல கான்பரன்ஸ்களுக்கு வேலை செய்வார். ஜனவரி, பிப்ரவரியில் ஒரே வாரத்தில் நான்கைந்து ஆட்டங்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரில், ஒவ்வொன்றிலும் வேறு இரண்டு துணை நடுவர்களோடு. நள்ளிரவில் முடியும் ஆட்டத்துக்குப்பின் விடியற்காலை விமானம். களைத்த கண்ணும் பழகாத கூட்டாளிகளும் சேர்ந்தால் அளவுகோல் நிலையாக நிற்காது. மார்ச் மாதம் 68 அணிகள் ஆடும் தேசியப் போட்டி வரும்போது, ஆடுகிற அணிகளின் கான்பரன்ஸுக்குத் தொடர்பில்லாத நடுவர்களைச் சேர்த்து அனுப்புகிறார்கள். நடுநிலைமைக்கு அது நல்லதுதான். ஆனால் பருவம் முழுவதும் முரட்டுத் தடுப்பாட்டத்துக்கு அனுமதி கிடைத்துப் பழகிய ஓர் அணிக்கு அங்கே திடீரென்று வேறொரு சட்டம் காத்திருக்கும்.

ஒரே பருவத்துக்குள்ளும் கண்டிப்பு கரைவதுண்டு. 2012-13இல் ஆண்கள் ஆட்டத்தில் ஓர் அணியின் சராசரிப் புள்ளிகள் 67.5 ஆகச் சரிந்தன. 1981-82க்குப்பின் அதுவே மிகக் குறைவு. கை வைத்துப் பிடிப்பதும், முன்கையைக் குறுக்கே வைத்து மறிப்பதும், தொட்டுத் தொட்டு எடுப்பதும் இனி ஃபவுல் என்று 2013-14இல் அறிவித்தார்கள். நவம்பரில் விசில் மழை பொழிந்தது, பயிற்சியாளர்கள் முணுமுணுத்தார்கள், புள்ளிகளும் ஏறின. அடுத்த பருவத்தில் சராசரி ஏறக்குறைய பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. புத்தகத்தில் விதி அப்படியேதான் இருந்தது, ஊதும் கை தளர்ந்துவிட்டது. 2015-16இல் ஷாட் கிளாக்கை, அதாவது பந்தைக் கூடைக்கு வீச ஓர் அணிக்குத் தரும் நேரத்தை, 35 நொடியிலிருந்து 30 நொடியாகக் குறைத்து, அதே கண்டிப்பை மறுபடியும் வலியுறுத்த வேண்டியிருந்தது. ஒரு விதியை இரண்டு முறை அறிமுகப்படுத்த நேர்ந்தது என்றால், நடுவில் இரண்டு ஆண்டுகள் ஆடிய வீரர்கள் எந்த விதியின் கீழ் ஆடினார்கள்?

மனத்தின் சாய்வும் இருக்கிறது. 2004-05 பருவத்தின் 365 கல்லூரி ஆட்டங்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று, ஃபவுல் எண்ணிக்கையில் இரு அணிகளுக்கும் இடைவெளி கூடக் கூட, அடுத்த ஃபவுல் குறைவாக வாங்கிய அணியின் மேல் விழும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டது. வெளியூர் அணிமேல் விசில் அதிகம் ஒலிப்பதையும் அது பதிவு செய்தது. யாரும் திட்டமிட்டு இதைச் செய்வதாக நான் நினைக்கவில்லை. எட்டுக்கு மூன்று என்று பலகை காட்டும்போது, பதினைந்தாயிரம் பேர் அதைச் சுட்டிக் கத்தும்போது, ஐயத்துக்குரிய அடுத்த மோதலில் மனம் சமன் செய்யப் பார்ப்பது இயல்பு. ஆனால் இதன் விளைவைப் பாருங்கள்: முரட்டுத்தனமாக ஆடும் அணிக்கு இது லாபம், ஒழுங்காக ஆடி ஃபவுலைத் தவிர்த்த அணிக்கு இது தண்டனை. எண்ணிக்கையைச் சமமாக்குவது நியாயம் போலத் தோற்றம் தரும், ஆனால் ஒரு தவறை இன்னொரு தவறால் ஈடுகட்டினால் இரண்டு தவறுகள் ஆகின்றன.

இவ்வளவையும் அறிந்த ரசிகர் தன் கோபத்தை எங்கே செலுத்தலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2017இல் கென்டக்கி அணி 75-73 என்று வட கரோலினாவிடம் தோற்றபின், அந்த ஆட்டத்தின் நடுவர் ஒருவர் நடத்திவந்த கூரை வேலை நிறுவனத்தின் மேல் பொய்யான குறைகூறல்கள் குவிந்தன, அவருக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. மைதானத்துக்கு வெளியே ஒருவரின் பிழைப்பிலும் குடும்பத்திலும் கை வைப்பதற்கு எந்தத் தோல்வியும் காரணம் ஆகாது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் பல மாநிலங்களில் விளையாட்டுச் சூதாட்டம் சட்டப்பூர்வமானதால், பணம் இழந்தவர்களின் வசையும் இப்போது அதோடு சேர்ந்துவிட்டது.

கேட்க வேண்டியது அமைப்பிடம். அமைப்பு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2015 மார்ச்சில், சதர்ன் மெதடிஸ்ட் அணி 59-57 என்று யுசிஎல்ஏவை முந்தியிருந்தபோது, 13 நொடி மிச்சமிருக்க, யுசிஎல்ஏவின் மூன்று புள்ளி வீச்சு ஒன்றைக் கூடைக்கருகில் தொட்டதற்காகக் கோல்டெண்டிங் என்று, அதாவது கூடைக்குள் போகவிருந்த பந்தைத் தடுத்த குற்றம் என்று, வீச்சு எண்ணப்பட்டது. யுசிஎல்ஏ 60-59 என்று வென்றது. பந்து கூடைக்குள் போகும் வாய்ப்பே இருந்ததா என்று பலர் கேட்டார்கள், ஆனால் வீடியோவைப் பார்த்துத் திருத்த அப்போது விதியில் இடமில்லை. 2025-26 முதல் ஆண்கள் ஆட்டத்தில் பயிற்சியாளர் சேலஞ்ச், அதாவது தீர்ப்பை வீடியோவில் மறுபடி பார்க்கும்படி, கேட்கலாம்: பந்து யார் கை பட்டு வெளியே போனது, கோல்டெண்டிங்கா, உதவிக்கு வந்த தடுப்பாட்டக்காரரின் கால் வளைவுக்குள் இருந்ததா என்ற கேள்விகளுக்கு மட்டும். கையில் டைம் அவுட் மிச்சமிருக்க வேண்டும். முதல் சேலஞ்ச் சரியானால் இன்னொன்று கிடைக்கும். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் இவை மூன்றும் உண்மை நிலவரத்தைச் சரிபார்க்கும் கேள்விகள், கேமரா விடை சொல்லிவிடும். தள்ளல் ஃபவுலா, மறித்தவர் நேரத்துக்கு வந்தாரா, ஸ்கிரீன் நகர்ந்ததா என்ற மதிப்பீடுகள், அதாவது மேலே சொன்ன பெரும்பாலான சண்டைகள், இன்னும் அதற்கு வெளியேதான் நிற்கின்றன.

அவற்றையும் வீடியோவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். கடைசி இரண்டு நிமிடம் இப்போதே கால்மணி நேரம் இழுக்கிறது. எனக்கு வேண்டியது ஆட்டம் முடிந்தபின் ஒரு கணக்கு. என்பிஏ 2015 முதல், நெருக்கமாக முடிந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களில் ஊதியது, ஊதாமல் விட்டது ஒவ்வொன்றும் சரியா தவறா என்று மறுநாள் வெளியிடுகிறது. கல்லூரி ஆட்டத்தில் அப்படி ஒரு வழக்கமான வெளியீடு இல்லை. அத்திபூத்தாற்போல் எப்போதாவது ஒன்று வரும். 2023 பிப்ரவரியில் டியூக் அணிக்கு வர்ஜீனியாவில் ஆட்டநேரத்தின் கடைசிக் கணத்தில் கொடுத்த ஃபவுலை, மணி ஒலித்தபின் நடந்தது என்று நடுவர்கள் திரும்பப் பெற்றார்கள். கூடுதல் நேரத்தில் வர்ஜீனியா 69-62 என்று வென்றபின், அந்த முடிவு தவறு, இரண்டு ஃப்ரீ த்ரோ தந்திருக்க வேண்டும் என்று அவர்களின் கான்பரன்ஸ் அறிவித்தது. முடிவு மாறவில்லை, ஆனால் அடுத்த முறை அதே நிலைமையில் என்ன தீர்ப்பு வர வேண்டும் என்பது அன்றைக்கு எல்லா நடுவருக்கும், எல்லாப் பயிற்சியாளருக்கும், எங்களைப் போன்றவர்களுக்கும் தெரிந்தது. ஒருங்கிணைப்பாளர்கள் வீடியோவைப் பார்த்துத் தங்கள் நடுவர்களை எப்படியும் மதிப்பிடுகிறார்கள். மார்ச் மாதப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்பதும் அந்த மதிப்பீட்டை ஒட்டியே முடிவாகிறது. தனிநபர் மதிப்பெண்ணை வெளியிட வேண்டாம், நடுவரின் பெயரும் வேண்டாம். கான்பரன்ஸ் ஆட்டங்களில் ஐந்து புள்ளிக்குள் முடிந்தவற்றின் கடைசி இரண்டு நிமிடங்களையும், அவற்றோடு முதல் பாதியின் ஏதேனும் இரண்டு நிமிடங்களையும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவுகோல் பின்பற்றப்பட்டதா என்று வாரம் ஒருமுறை வெளியிட்டால் போதும்.